மீல்வுட் வளராததற்குக் காரணம் நீர் அல்ல, வெப்பம்

வணக்கம். நிலத்தடிக் குடியிருப்பு ஒன்றை நடத்தும் ஆக்சிஜன் நாட் இன்க்லூடட் என்ற கணினி விளையாட்டில் நூறாவது சுழற்சிக்குப் (விளையாட்டின் ஒரு நாள்) பிறகு உணவுச் செடியான மீல்வுட் வளராமல் நின்றுவிட்டது, நீர்க் குறையோ, குடியிருப்பாளர் எட்டுப் பேரும் பட்டினி என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் மனம் பதறிவிட்டது. நீரைப் பிரித்து ஆக்சிஜன் தரும் எலக்ட்ரோலைசர் இயந்திரம் தோட்டத்துக்கு நேர் கீழே நிற்கிறது!

எஃப்3 விசையை அழுத்தி வெப்பநிலையைப் பாருங்கள். மீல்வுட் 10 முதல் 30 பாகை வரைதான் வளரும். எலக்ட்ரோலைசரோ குளிர்ந்த நீரைக் கொடுத்தாலும் 70 பாகைக்குக் குறையாத ஆக்சிஜனையே வெளிவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் மேல்மாடியில் இருப்பவர்களுக்கு இது புரியும்: பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட் தட்டு, இரவு பதினொரு மணிக்கும் கட்டிலில் அனல் கொட்டும். உங்கள் தோட்டத்தின் தரையும் அப்படித்தான் சூடேறிக் கிடக்கிறது.

எலக்ட்ரோலைசரை இடிக்க வேண்டாம். அந்த ஒன்றுதான் எட்டுப் பேருக்கும் மூச்சு. அதைச் சுற்றி இக்னியஸ் பாறையில் (தீப்பாறை) வெப்பக்காப்பு ஓடுகள் பதியுங்கள். ஆக்சிஜனைக் குளிர்ப் பகுதி வழியாகச் சாதாரணக் குழாயில் சுற்றிக் கொண்டுவந்து பிறகு உள்ளே விடுங்கள். தோட்டத்தைத் தூரத்தில் புதிதாகப் போடுங்கள், ஆளுக்கு ஐந்து செடி, மொத்தம் நாற்பது. அதுவரை மண்ணும் நீரும் கலந்து செய்யும் மஷ் பார் என்ற உணவு உயிரைக் காக்கும். ருசி கிடையாது, முகம் சுளிப்பார்கள், ஆனால் சாகமாட்டார்கள்.

முதலில் ஓடுகள். இன்றிரவே தொடங்குங்கள்.