ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் சர்வரில் ரெப்ளிகேஷனை இயக்குவதால் முதன்மை சர்வருக்கு ஆபத்து உண்டா?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வரை நிறுத்தாமல் ரெப்ளிகேஷனை, அதாவது முதன்மை சர்வரில் நடக்கும் மாற்றங்களை இன்னொரு நகல் சர்வருக்குத் தொடர்ந்து அனுப்புவதை, இயக்க முடியுமா, அதனால் முதன்மைக்கு ஏதாவது பாதிப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நிறுத்தாமலே இயக்கலாம். பாதிப்பு வருமா என்றால், வரும். ஆனால் இயக்குகிற நாளில் வராது. நகல் சர்வர் என்று ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்த பிறகு வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்து விநியோக நிறுவனத்தின் தரவுத்தளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 500 ஜிபி டிஸ்க், அதில் தரவு 240 ஜிபி. அறிக்கைகள் எடுப்பதற்கென்று ஒரு நகல் சர்வர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, செலவைக் குறைக்கிறோம் என்று யாரோ அந்த நகலை அணைத்துவிட்டார்கள். நகல்தானே, போனால் போகிறது என்ற நினைப்பு. திங்கள் காலை எட்டு மணிக்கு எங்கள் குழுவின் இளையவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணா, முதன்மையில் டிஸ்க் 95 சதவீதம் நிரம்பிவிட்டது. பிஜி வால் ஃபோல்டரில் மட்டும் 230 ஜிபி இருக்கிறது. பழைய கோப்புகளை அழித்துவிடட்டுமா?"

"கீபோர்டிலிருந்து கையை எடு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும்; அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார்.

தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் இந்த வால் (WAL) என்னும் பதிவேட்டுக் கோப்புகளில்தான் எழுதப்படுகிறது. ஒவ்வொன்றும் 16 எம்பி. நகல் சர்வர் அவற்றை வாங்கி, அதே மாற்றங்களைத் தன்னிடமும் செய்துகொள்கிறது. ஒரு நகல் எதுவரை வாங்கியிருக்கிறது என்று முதன்மை வைத்திருக்கும் குறிப்புக்குப் பெயர் ஸ்லாட். 2014இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. அந்த நகல் வாங்காத எதையும் முதன்மை அழிக்காது. நகல் ஒரு மணி நேரம் தடங்கிவிட்டுத் திரும்பினால் இது வரம். அது வரவே போவதில்லை என்றால், முதன்மைக்கு அது தெரியாது, சேர்த்துக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு நான்கு கோப்புகள் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 90 ஜிபி. பெயர்ப் பொருத்தம் வேறு, அனுமார் வால்தான்.

அந்தக் கோப்புகளைக் கையால் அழிக்கக் கூடாது. சர்வர் விழுந்து எழும்போது எந்தக் கோப்பு தேவைப்படும் என்பது அதற்குத்தான் தெரியும். தவறானதை அழித்தால் அது எழவே எழாது. டிஸ்க் முழுதாக நிரம்பியே விட்டாலும் போஸ்ட்கிரெஸ் நின்றுபோகுமே தவிர, ஏற்கெனவே உறுதி செய்த பதிவுகள் அழியா. இடம் கொடுத்தால் மீண்டும் ஓடும். அன்று நாங்கள் செய்தது இரண்டே வேலை. 'பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ்' பட்டியலில் செயல்படாமல் கிடந்த ஸ்லாட்டை நீக்கினோம். பிறகு ஒரு செக்பாயின்ட் கொடுத்தோம்; நினைவகத்தில் உள்ள மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதிவிட்டு, இனித் தேவைப்படாத வால் கோப்புகளை அகற்றும் கட்டளை அது. அடுத்த நிமிடத்தில் டிஸ்க் பாதிக்கு இறங்கியது.

அன்று இரவே நகலைப் புதிதாகக் கட்டினோம். நீங்கள் கேட்ட 'இயக்குவது எப்படி' என்பதும் அதேதான். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து வால் கோப்புகளில் எவ்வளவு விவரம் எழுத வேண்டும் என்னும் 'வால் லெவல்' அமைப்பு இயல்பாகவே ரெப்ளிகா என்றும், ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளுக்கு அவற்றை அனுப்பலாம் என்னும் 'மேக்ஸ் வால் செண்டர்ஸ்' 10 என்றும் இருக்கின்றன. யாரும் அவற்றை மாற்றியிருக்கவில்லை என்றால் சர்வரை நிறுத்தத் தேவையில்லை. மாற்றியிருந்தால் ஒருமுறை நிறுத்தி எழுப்பித்தான் ஆக வேண்டும். ரெப்ளிகேஷன் உரிமை உள்ள தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் 'பிஜி எச்பிஏ' கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இங்கேதான் பலர் அரை மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்: தரவுத்தளத்தின் பெயர் வரும் இடத்தில் 'ஆல்' என்று இருந்தால் அது ரெப்ளிகேஷன் இணைப்பைக் குறிக்காது. 'ரெப்ளிகேஷன்' என்றே தனியாக எழுத வேண்டும். இந்தக் கோப்புக்கு ரீலோடு, அதாவது சர்வரை நிறுத்தாமல் அமைப்புகளை மறுபடி படிக்கச் சொல்வது, போதும்.

பிறகு நகல் சர்வரிலிருந்து, முதன்மையின் தரவு முழுவதையும் பிரதி எடுக்கும் 'பிஜி பேஸ்பேக்கப்' கருவியை ஓட்ட வேண்டும். ஸ்லாட்டை உருவாக்குவது, இணைப்பு விவரங்களை எழுதி வைப்பது எல்லாவற்றையும் உரிய விருப்பங்களைக் கொடுத்தால் அதுவே செய்துவிடும். வேகத்துக்குக் கட்டாயம் ஒரு வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் முதன்மையின் டிஸ்கை அது உறிஞ்ச, பயனர்கள் பக்கம் எல்லாம் மெதுவாகும். நாங்கள் நொடிக்கு 40 எம்பி வைத்தோம், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஆரம்பத்தில் செக்பாயின்டுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுச் சில நிமிடம் அசையாமல் நிற்கும். "தொங்கிவிட்டதா அண்ணா?" என்று இளையவர் கேட்டார். தொங்கவில்லை. முதன்மைக்கு நோகாமல் நிதானமாக எழுதிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அங்கே அமைப்புக் கோப்புகள் தரவு ஃபோல்டருக்கு வெளியே இருப்பதால் பேஸ்பேக்கப்பில் வராது. அதனால் நகலில், ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளை ஏற்கலாம் என்னும் 'மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்' எண் முதன்மையில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் நகல் கிளம்பாது.

இனி கண்காணிப்பு. எங்களிடம் அலாரம் இல்லாமல் இல்லை. நகல் பத்து நிமிடம் பின்தங்கினால் மின்னஞ்சல் வரும். பிறகு ஏன் அந்த மூன்று நாளும் வரவில்லை? அது பார்த்தது முதன்மையில் உள்ள 'பிஜி ஸ்டாட் ரெப்ளிகேஷன்' காட்சியை. இணைப்பு அறுந்தால் அந்த நகலின் வரியே அங்கிருந்து மறைந்துவிடும். வரியே இல்லாதபோது தாமதம் எங்கிருந்து வரும்? எல்லாம் பச்சையாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டைச் சேர்த்தோம்: எத்தனை வரிகள் இருக்க வேண்டுமோ அத்தனை இருக்கின்றனவா, ஒவ்வொரு ஸ்லாட்டும் எத்தனை ஜிபியைப் பிடித்து வைத்திருக்கிறது. நகலில் கடைசியாக வந்த பரிவர்த்தனையின் நேரத்தை மட்டும் பார்த்துத் தாமதத்தைக் கணக்கிடுவதும் சரிவராது. இரவு இரண்டு மணிக்கு யாரும் எதுவும் எழுதாவிட்டால், பின்தங்காத நகலையும் அது பின்தங்கியதாகக் காட்டி உங்களை எழுப்பிவிடும்.

நகலின் நோய் முதன்மைக்குத் தொற்றும் வழி ஸ்லாட் மட்டும் அல்ல. பதிவு நகலுக்கும் போய்ச் சேர்ந்த பிறகே 'முடிந்தது' என்று சொல்லும் ஒத்திசைவு முறையை ஒரே ஒரு நகலை நம்பி வைத்தால், அந்த நகல் விழுந்ததும் முதன்மையில் எல்லாப் பதிவுகளும் காத்துக் கிடக்கும். இரண்டு நகல்கள் வைத்து 'இவற்றில் ஏதேனும் ஒன்று' என்று எழுத முடியாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 'ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்' இன்னொன்று. நகலில் ஓடும் நீண்ட அறிக்கைகள் பாதியில் வெட்டுப்படாமல் இருக்க அதை இயக்குவார்கள். அந்த அறிக்கை ஓடி முடியும்வரை முதன்மையில் செத்த வரிகளை (அழித்த, மாற்றிய பதிவுகளின் பழைய வடிவங்களை) போஸ்ட்கிரெஸின் துப்புரவு வேலையான வேக்யூம் அகற்றாது. கணக்குப் பிரிவினர் நான்கு மணி நேர அறிக்கை எடுத்தால், நான்கு மணி நேரக் குப்பை முதன்மையில் சேரும்.

நகல் இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தவறான டெலீட் ஒன்று போட்டால் நகலும் அதைக் கண நேரத்தில் விசுவாசமாகச் செய்து முடிக்கும். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து நிர்வகிக்கும் தளமான கிட்லேபில் நடந்ததை அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டிருக்கிறது. நின்றுபோன ரெப்ளிகேஷனைச் சரிசெய்ய, நகலின் ஃபோல்டரைக் காலி செய்கிறோம் என்று நினைத்து ஒரு பொறியாளர் முதன்மையின் ஃபோல்டரை அழித்துவிட்டார். 300 ஜிபி அளவில் இருந்தது 4.5 ஜிபியாகச் சுருங்கிய பிறகுதான் நிறுத்த முடிந்தது. அதைப் படித்த நாள்முதல் நான் பொறுப்பேற்கும் எல்லா முதன்மை சர்வர்களிலும் டெர்மினலின் முதல் வரி சிவப்பு, நகல்களில் பச்சை. அழகுக்காக அல்ல.

உங்கள் பதிப்பு 13 அல்லது அதற்கு மேல் என்றால், நகலைச் சேர்க்கும் முன்பே ஸ்லாட்டுக்காக எவ்வளவு வால் கோப்புகளைச் சேர்த்து வைக்கலாம் என்னும் 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' அமைப்பில் ஒரு எண்ணை எழுதிவிடுங்கள். இயல்பாக அது வரம்பில்லாமல் இருக்கிறது. மாற்ற ரீலோடு போதும். நாங்கள் 100 ஜிபி வைத்தோம், ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாமல் போகும், நகலைத் திரும்பக் கட்ட நேரும். கட்டிக்கொள்ளலாம், ஒன்றே முக்கால் மணி நேரம்தானே.