புரோகிரெசிவ் பிளாக் மெட்டல்ல முதலாளித்துவ எதிர்ப்பா, அது எப்படி?

பிளாக் மெட்டல்னா 90கள் ஆரம்பத்துல நார்வேல தனி வடிவம் எடுத்த இசை, படுவேக டிரம்ஸ், இரைச்சலான கிட்டார், அலறுற குரல். புரோகிரெசிவ்னு சேர்த்தா பாட்டு நீளமாகி வடிவம் மாறிக்கிட்டே போகும், மலைப்பாதைல பஸ்ல போறப்ப ஒவ்வொரு வளைவுலயும் வேற காட்சி வர்ற மாதிரி.

இதுல அரசியல் எப்படி வருதுன்னா, பனோப்டிகான்னு ஆஸ்டின் லன் கிட்டத்தட்ட தனியாளா நடத்துற அமெரிக்க இசைக்குழு, 2012ல 'கென்டக்கி'ன்னு ஒரு ஆல்பம் போட்டாங்க, பெரும்பாலும் கென்டக்கிங்கிற அந்த அமெரிக்க மாநிலத்துல இருந்த நிலக்கரி சுரங்கத் தொழிலாளிங்க கதை. அந்தக் காலத்துல வீடும் கம்பெனியோடது, கடையும் கம்பெனியோடது, சில இடத்துல சம்பளமே அந்தக் கடைல மட்டும் செல்லுற டோக்கன்தான், அதாவது ஒரு கைல குடுத்து இன்னொரு கைல பிடுங்கிக்கிறது. இதைக் கேட்டா கத்தத்தானே தோணும், அதான் அந்த அலறல் இங்க அவ்ளோ பொருந்துது. நடுவுல பேஞ்சோங்கிற நரம்பு வாத்தியம் வாசிச்சு, 1931ல அதே மாநிலத்து ஹார்லன் கவுண்டில நடந்த சுரங்கத் தொழிலாளிங்க போராட்டத்துல பிறந்த தொழிற்சங்கப் பாட்டையும் பாடுறாங்க, எனக்கு அங்கதான் உடம்பு சிலிர்க்கும்.

பிளாக் மெட்டல்னாலே சாத்தான் வழிபாடுதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆரம்பகால இசைக்குழுக்கள் பலதுல அது இருந்துச்சு, ஆனா இந்த ஆல்பம் பெரும்பாலும் மனுஷங்களைப் பத்திதான்.