ஜீப்பில் டிரெய்லர் ஹூக் மாட்ட 8.8 போல்ட் போதுமா, 12.9 வாங்க வேண்டுமா?

ஜீப்பின் பின்னால் ஹூக் பிளேட் மாட்டி ஒரு டன் ஜெனரேட்டர் டிரெய்லர் இழுக்கப் போவதாகவும், கடைக்காரர் தலையில் 12.9 என்று பல எண் பொறித்த ஆலன் போல்ட்டை எடுத்து நீட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 12.9 வேண்டாம். எம்12 அளவில், அதாவது 12 மி.மீ. விட்டத்தில், நல்ல 8.8 போல்ட் நான்கு, ஒழுங்காக முறுக்கினால் தாராளம். அந்த 'ஒழுங்காக' என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பந்தல், லைட் வேலைக்காக இதே மாதிரி ஒரு டிரெய்லர் வைத்திருந்தோம். பட்டறையில் 8 மி.மீ. பிளேட்டில் கேஸ் கட்டிங்கிலேயே ஓட்டை போட்டு, கெட்டியாகப் பெயின்ட் அடித்து மாட்டிக் கொடுத்தார்கள். பல்லடம் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டக்'கென்று ஒரு சத்தம். ஹூக்கில் கிரீஸ் இல்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். டீ குடிக்க நிறுத்தியபோது குனிந்து பார்த்தால் ஒரு போல்ட்டைக் காணோம், இன்னொன்றுக்குத் தலை இல்லை, மீதி இரண்டும் விரலால் தொட்டாலே ஆடுகின்றன. வட்டமாக இருந்த ஓட்டைகள் முட்டை மாதிரி ஆகியிருந்தன.

மிச்சமிருந்த ஒன்றைக் கழற்றிக்கொண்டுபோய் லேத் பட்டறைப் பெரியவரிடம் காட்டினேன். போல்ட்டின் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நம்பரே இல்லீங்களே தம்பி" என்றார்.

அந்த நம்பர்தான் விஷயம். 8.8 என்றால், முதல் எட்டை நூறால் பெருக்குங்கள்: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால் அறும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எட்டு, அதில் 80 சதவீதத்தில், அதாவது 640-இல் நீண்டுபோய்த் திரும்பாது என்பதைச் சொல்கிறது. 10.9 என்றால் 1000, 900. நம்பர் இல்லாத சாதா போல்ட்டை 4.6 என்றுதான் எண்ண வேண்டும். அது 240-லேயே நீளும். எம்12 கணக்கில் சொன்னால், சாதா போல்ட் நீளாமல் தாங்குவது சுமார் 1.9 டன், 8.8 சுமார் 5 டன், 10.9 சுமார் 7 டன். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கடையில் இன்னொரு குழப்பம் உண்டு. நம் மெக்கானிக்குகள் போல்ட்டை ஸ்பானர் அளவால் கூப்பிடுவார்கள். '17 போல்ட்' என்று கேட்டால் வருவது எம்10, '19 போல்ட்' என்றால்தான் எம்12. எம்10-க்கு எம்12-இன் பலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். 'நாலு நூல் போல்ட்' என்று கேட்டால் அரை இஞ்ச் வந்துவிடும், அதன் மரையே வேறு.

சரி, பலமான போல்ட் வாங்கியாயிற்று. ஆனால் டிரெய்லரை இழுப்பது போல்ட்டின் தண்டு என்று நினைக்காதீர்கள். 85 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கிய எம்12 போல்ட் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட மூன்றரை டன் விசையோடு பிளேட்டையும் சேஸிஸையும் அமுக்கிப் பிடிக்கிறது. அந்த அமுக்கத்தில் வரும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. பிடி தளர்ந்தால் பிளேட் முன்னும் பின்னும் நகர ஆரம்பிக்கும், ஒவ்வொரு குழியிலும் போல்ட்டுக்குச் சுத்தியல் அடி விழும். நான் கேட்ட 'டக்' அதுதான். நடுவில் கெட்டியாகப் பெயின்ட் இருந்தால் அது நசுங்கி உதிர்ந்து, முறுக்கிய முறுக்கு தானாகவே குறைந்துபோகும். ஆகவே சேரும் இரண்டு முகத்தையும் சுரண்டிவிட்டு மாட்டுங்கள், வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். ஓட்டையை டிரில்லில் 13 மி.மீ. போடச் சொல்லுங்கள். உங்கள் சேஸிஸ் பெட்டி வடிவமாக இருந்தால் உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைத்து அதன் வழியாகப் போல்ட்டை விடணும், இல்லையென்றால் முறுக்க முறுக்கப் பெட்டிதான் உள்வாங்கும். நட்டும் 8 என்று குறி போட்டதாக இருக்கட்டும். வாஷர் தடிமனாக, கடினமானதாக வாங்குங்கள். ஸ்பிரிங் வாஷர் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, இந்த முறுக்கில் அது சப்பையாகப் படுத்துவிடும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு போடுங்கள், ஒரு முறை கழற்றினால் புதிது.

12.9 ஏன் வேண்டாம் என்றால், அவ்வளவு கடினமான எஃகுக்கு வளைந்து கொடுக்கும் குணம் குறைவு. அதிலும் பளபளவென்று ஜிங்க் முலாம் பூசியது என்றால், முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, மாட்டிய பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும் ஆபத்தும் இருக்கிறது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டும் வேண்டாம். துருப்பிடிக்காது, ஆனால் கடையில் கிடைக்கும் ஏ2-70 வகை 450-லேயே நீள ஆரம்பித்துவிடும்.

அப்புறம், முறுக்க, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். வாங்க வேண்டியதில்லை, டயர் கடையிலோ தெரிந்த மெக்கானிக்கிடமோ இரவல் கிடைக்கும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், தடவினால் அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும். முறுக்கியதும் நட்டிலிருந்து பிளேட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். லோடோடு முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் கீழே படுத்து, ரெஞ்சை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முன்னால் கோடு நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், அரை நிமிடம் ஆகாது.