தமிழில் எழுதிவைத்த சீனம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். வயது 46. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு மாண்டரினுக்குத் தாவிவிட்டால் நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் பக்கத்துச் சமூக மன்றத்தில் தொடக்கநிலை மாண்டரின் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். கட்டணம் குறைவு. ஆசிரியர் சொல்வதையெல்லாம் தமிழில் எழுதிவைத்து ரயிலில் மனப்பாடம் செய்கிறேன். ஆனால் நான் பேசினால் யாருக்கும் புரிவதில்லை. இந்த வயதில் வருமா? செலவு செய்து தனி ஆசிரியர் வைத்துக்கொள்ளட்டுமா?

ச.

அன்புள்ள ச.,

வயதுப் பேச்சை விடுங்கள். லீ குவான் யூ முப்பதைத் தாண்டித்தான் மாண்டரினை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டியும் ஆசிரியர் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். 1979இல் 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் தொடங்கியபோது, ஹொக்கியன், தியோச்சியூ என்ற வேறு சீன மொழிகளைப் பேசிக்கொண்டிருந்த மீன்காரர்களும் டாக்சிக்காரர்களும் நடுவயதில்தான் அதற்கு மாறவேண்டியிருந்தது. தனி ஆசிரியர் வேண்டாம். நாலு பேர் முன்னால் தப்பாகப் பேசினால்தான் கூச்சம் போகும்.

அந்த நோட்டுதான் எனக்கு எரிச்சல். தமிழில் எழுதி மனப்பாடம் செய்கிறாராம்! என்ன வேலை ஐயா இது?

உங்கள் நோட்டில் 'தூட்ஸ பாவ் லெ' என்று ஒரு வரி இருந்தால் அதற்கு என்ன பொருள்? 'வயிறு நிறைந்துவிட்டது' என்றும் இருக்கலாம், 'முயல் ஓடிவிட்டது' என்றும் இருக்கலாம். தொனிகூட, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்கூட, இரண்டிலும் ஒன்றுதான். முயலின் த, ஓடுவதன் ப இரண்டிலும் மூச்சு வெடித்து வெளியே வரும். வயிறு நிறைந்த வரியில் அந்த இரண்டு எழுத்துக்கும் வராது. அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் காட்டத் தமிழில் எழுத்து இல்லை. தமிழுக்கு அது தேவைப்படவில்லை, அதனால் இல்லை. இதற்காக யாரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

நான் படித்ததும் ஒரு சமூக மன்றத்தில்தான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. உணவங்காடியில் இடம்பிடிக்க மேசைமேல் வைப்போமே, அந்த டிஷ்யூ பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை உருவி, நீளவாக்கில் கிழித்து, ஒவ்வொருவர் உதட்டுக்கு முன்னாலும் பிடித்தார். முயலுக்குத் தாள் துள்ளவேண்டும், வயிற்றுக்கு அசையக்கூடாது. என் தாள் இரண்டுக்கும் அசையவில்லை. பக்கத்தில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த ஒரு சீனப் பெண்மணி, மாமியாரோடு பேசுவதற்காகப் படிக்க வந்தவர். அவர் தாள் முயலுக்குப் பறந்தது, எனக்குப் பொறாமை. ஆனால் வயிறு என்றபோது அவர் ஆங்கிலத்துக்காரர் மாதிரித் தொண்டையை அதிரவிட்டார். ஆசிரியை என்னைக் காட்டி, "இவரைக் கேளுங்கள்" என்றார். நம் 'பல்'லில் வரும் ப, 'தலை'யில் வரும் த, 'கண்'ணில் வரும் க எல்லாம் மூச்சு வெடிக்காத பக்கத்துக்கு அப்படியே செல்லும். பாதி வேலை பிறந்ததிலிருந்தே முடிந்திருக்கிறது. நாக்கை மடிக்கவும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 'மனிதர்' என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலிக்கு வகுப்பே திண்டாடியபோது நான் ழகரத்தைப் போட்டேன், ஆசிரியை தலையாட்டினார். (ழவை ளவாகச் சொல்கிற ஆள் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.)

இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு, கண்ணால் நோட்டைப் பார்த்துக் கெடுத்துக்கொள்கிறீர்களே! பின்யின் படியுங்கள். சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுத 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட முறை, இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அதையும் ஆங்கிலமாக வாசிக்காதீர்கள்.

அப்புறம், அடுத்த வகுப்பில் மூன்றாம் தொனியைப் பற்றிக் கேளுங்கள். அடுத்தடுத்து இரண்டு வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மாறிவிடும். நீங்கள் தினமும் சொல்லும் 'நீ ஹாவ்' அப்படித்தான் வருகிறது. ஆசிரியர் சொல்லிக் காட்டும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.