ஹம்மிங்பேர்டு அசையாமல் தொங்கினால்

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பால்கனியில், சர்க்கரைத் தண்ணீர் குடுவையிலேயே ஹம்மிங்பேர்டு என்ற குட்டிக் குருவி தலைகீழாகத் தொங்குகிறது, உயிர் இருக்கிறதா, உள்ளே எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிடித்து இழுக்காதீர்கள். அனேகமாக அது சாகவில்லை.

முதுகு பச்சை, தொண்டை நடுவில் சின்னச் சிவப்புப் பொட்டு என்கிறீர்களே, அது பெண் அன்னா ஹம்மிங்பேர்டு. ஆணுக்குத் தொண்டையோடு உச்சந்தலையும் ரோஸ் நிறத்தில் ஜொலிக்கும். ரூஃபஸ் என்ற இன்னொரு ஹம்மிங்பேர்டு இனம் குளிருக்கு மெக்சிகோ பக்கம் ஓடிவிடும், நாலு கிராம் உடம்பை வைத்துக்கொண்டு இது சியாட்டிலிலேயே கிடக்கும் (பிடிவாதக்காரி!).

குளிரைத் தாங்க அதற்கு வழி 'டார்பர்' என்ற ஆழ்ந்த மந்தநிலை. பறக்கும்போது நிமிடத்துக்கு 1000 தாண்டும் இதயத்துடிப்பு 50 வாக்கில் இறங்கும், உடம்பும் சில்லிட்டுப்போகும். தொட்டாலும் அசையாதது அதனால்தான். வெயில் ஏறியதும் முதலில் உடம்பு நடுங்கும், இறகு சிலிர்க்கும், அப்புறம் பறந்துவிடும். அரைமணி நேரம்கூட ஆகலாம். கீழே விழுந்துவிட்டால் மட்டும் துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, பக்கத்து வனவிலங்கு மீட்பு மையத்துக்கு போன் போடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது குடுவையை. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். வெல்லம், தேன், கலர்ப்பொடி எதுவும் கூடாது. குளிர் பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே போனால் இந்தத் தண்ணீரும் உறையும். ராத்திரி உள்ளே எடுத்து வைத்து, விடிவதற்குள் மாட்டிவிடுங்கள். எழுந்ததும் அதற்கு அகோரப் பசி இருக்கும்.