ஒரே ஒரு ஆளைத்தான் வேலைக்கு வைக்கிறேன், குறைந்தபட்சக் கூலி எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். ஒயரிங் வேலை, பிளம்பிங், மர வேலை எதுவானாலும் சரி.

குறைந்தபட்சக் கூலி என்பது, ஒரு வேலைக்கு இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அரசு குறித்துவைக்கும் தொகை. இந்தியாவில் 1948-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. காரணம் எளிது: வேலை தேடி நிற்பவரால் பேரம் பேச முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று எந்தத் தொகைக்கும் தலையாட்டிவிடுவார்.

தமிழ்நாட்டில் இதில் இரண்டு பகுதிகள்: அடிப்படைக் கூலி, பஞ்சப்படி. பால் விலை ஏறினால் டீ விலையும் ஏறுகிறதல்லவா? அதுபோல விலைவாசி ஏறினால் பஞ்சப்படியும் ஏறும். ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் புதிய தொகை. பலர் தவறவிடுவது இதைத்தான். மூன்று வருடம் முன்பு பேசிய சம்பளத்தையே இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுங்கள். வங்கிக் கணக்கில் போடுவது நல்லது. கையில் கொடுத்தால் நோட்டில் தேதி, தொகை, முன்பணம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணக் கணக்கில் வரும் மனக்கசப்பு நல்ல வேலைக்காரரையே இழக்க வைத்துவிடும்.

அப்புறம், "அவரே குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்தார்" என்று பலர் சொல்வதுண்டு. எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தச் சம்மதம் சட்டப்படி செல்லாது.