பொத்தெங்கோவாச்ச்: கூட்டுவதா, கெடுப்பதா?

போலிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. போலந்தின் கிராக்கோ நகரத்தில் இருக்கிறேன். ‘பொத்தெங்கோவாச்ச்’ என்ற ஒற்றை வினைச்சொல்லோடு அரை நாள் மல்லுக்கட்டிய கதையைச் சொன்னாலும் சொன்னேன், ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: அக்கா, முதலில் இதை எப்படிச் சொல்வது? என்ன அர்த்தம்?

பதில்: எழுத்தில், நடுவே வரும் எகரத்துக்குக் கீழே ஒரு சின்ன வால் தொங்கும். அதற்கு ‘ஒகொனெக்’ என்று பெயர். குட்டி வால் என்றே அர்த்தம். வால் இருந்தால் மூக்கால் ஒலிக்க வேண்டும். பின்னால் ககரம் வந்தால் நம் ‘ங்’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘சங்கு’ சொல்லத் தெரிந்தவருக்கு இதெல்லாம் ஒரு பாடமே இல்லை. அழுத்தம் ‘கோ’வில்.

அர்த்தம், ஏற்கெனவே இருக்கிற ஒன்றை இன்னும் பலமாக்குவது. வலி, பயம், சந்தோஷம், ருசி எதுவானாலும் சரி. இல்லாததை உண்டாக்க இந்தச் சொல் வராது. நாற்காலி, சுவர் மாதிரிப் பொருள்களுக்கும் வராது. ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடித்தால் அது ‘வ்ஸ்மாட்ஸ்னியாச்ச்’, அதாவது உறுதிப்படுத்துவது.

கேள்வி: அகராதியில் இன்டென்சிஃபை, ஹைட்டன், அக்ரவேட், எக்ஸாசர்பேட், காம்பவுண்ட் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: வினையை விட்டுவிட்டு, அது எந்தப் பெயர்ச்சொல்லின் கையைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். என் தொழில் ரகசியம் மொத்தமும் இதுதான்.

போலிஷ் சொல்லுக்கு நல்லது கெட்டது தெரியாது. ஆங்கிலச் சொற்கள் அப்படியில்லை, கட்சி கட்டிக்கொண்டு நிற்கும். எக்ஸாசர்பேட் கெட்டதோடு மட்டும் சேரும். லத்தீனில் அதன் வேர் கசப்பு, கடுமை. அக்ரவேட்டின் வேர் பாரம். நோய், காயம், தகராறு இவற்றுக்கு அது பொருந்தும். என்ஹான்ஸ் நல்லதன் பக்கம். ஹைட்டன் உணர்ச்சிகளுக்கு. காம்பவுண்ட் என்பது சிக்கல்மேல் சிக்கல் ஏறுவது. கூட்டுவட்டிக்கும் இதே சொல்தான் என்பதை நினைத்தால் மறக்காது. இன்டென்சிஃபை மட்டும் எந்தப் பக்கமும் சாயாத ஆள், அதனாலேயே கொஞ்சம் உப்புச்சப்பில்லாத ஆள்.

‘சிஷா பொத்தெங்கோவாவா ஸ்த்ராஹ்’ என்று ஒரு வாக்கியம். அமைதி பயத்தைக் கூட்டியது. ஆங்கிலத்தில் ஹைட்டன் போடலாம். ‘சூல் பொத்தெங்குயே ஸ்மாக்’ என்று இன்னொன்று. சூல் என்றால் இங்கே உப்பு, சிரிக்காதீர்கள். உப்பு ருசியை எடுத்துக்கொடுக்கும் என்று நாம் சொல்வோமே, அதுதான். ஆங்கிலச் சமையல் குறிப்பில் இதற்கு ‘பிரிங்ஸ் அவுட்’ என்று எழுத வேண்டும். இன்டென்சிஃபை என்று எழுதினால் அடுப்படியில் ரசாயனக்கூட வாடை அடிக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில், உடல்நலக் கையேடு ஒன்றில் தூக்கமின்மை வலியைக் கூட்டும் என்ற வரிக்கு என்ஹான்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன். திருத்தியவர் சிவப்பில் வட்டம் போட்டு, “இந்தச் சேவைக்குக் கட்டணம் எவ்வளவு?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: இங்கே போலந்தில், வூச் நகரத்தில் படிக்கிறேன் அக்கா. தூக்க மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளில், மது இந்த மருந்தின் வேலையை ‘நாஷிலாச்ச்’ செய்யும் என்று இருக்கிறது. அப்படியானால் மருந்து நன்றாகக் கேட்கும் என்றுதானே அர்த்தம் என்கிறான் அறைத்தோழன்.

பதில்: அவனிடமிருந்து அந்தப் பெட்டியை முதலில் வாங்கி வை. இரண்டுமே மூளையின் வேகத்தைக் குறைப்பவை. சேர்ந்தால் மயக்கம் அளவுக்கு மீறும், மூச்சுகூட மந்தமாகும். அந்தத் தாள் எச்சரிக்கிறது, சிபாரிசு செய்யவில்லை.

நாஷிலாச்ச் பொத்தெங்கோவாச்சுக்குச் சகோதரி, மருத்துவத் தாள்களில் இவளைத்தான் அதிகம் பார்க்கலாம். மருந்தியல் கட்டுரை என்றால் பொட்டென்ஷியேட் என்று எழுதுவேன். அது ஆற்றல் என்று அர்த்தம் தரும் லத்தீன் வேரில் பிறந்தது. நோயாளி படிக்கிற தாளுக்கு அது ஆகாது. மது சேர்ந்தால் மருந்து அளவுக்கு மீறி வேலை செய்யும் என்று எளிய ஆங்கிலத்தில் உடைத்துச் சொல்லிவிடுவேன்.

ஒரு கொசுறு: நாஷிலாச்ச்சுக்குள் இருக்கும் வேர்ச்சொல்லை ‘ஷிவா’ என்று உச்சரிக்கிறார்கள். அர்த்தம்? சக்தி! இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது, வெறும் தற்செயல். ஆனால் முதல் முறை கேட்டபோது எனக்குப் புல்லரித்துப்போனது உண்மை.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். போலந்துப் பாடநூல் ஒன்றில் ‘பொத்தெங்கோவானியே’ என்று ஒரு தலைப்பைக் கண்டேன். இதே சொல்லோ?

பதில்: இதேதான் ஐயா. மூன்று 2-களை ஒன்றோடொன்று பெருக்கி 8 ஆக்குவதற்கு அந்தப் பெயர். ‘பொத்தெங்கா’ என்றால் வலிமை. வல்லரசையும் அப்படிச் சொல்வார்கள், கணக்கில் வருவதையும் அப்படிச் சொல்வார்கள். நீங்கள் வகுப்பில் ‘வலு’ என்கிறீர்கள், தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ‘அடுக்கு’ என்று படித்தோம். உங்கள் சொல்தான் போலிஷுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதே வேரிலிருந்துதானே ‘மழை வலுத்தது’, ‘சண்டை வலுத்தது’ என்கிறோம்!

ஆனால் கணக்கில் வருகிறதே என்று அன்றாட வாக்கியத்தில் ‘எக்ஸ்பொனென்ஷியலி’ என்று ஆங்கிலத்தில் போட்டுவிடக் கூடாது. பயம் கூடியது என்றால் கூடியது, அவ்வளவே. கணக்கு வாடை வேண்டுமென்றால் அதற்கு வேறொரு வழக்கு வைத்திருக்கிறார்கள்: ‘இதியோத்தா தொ குவாத்ராத்து’, அதாவது முட்டாளின் வர்க்கம். வடிகட்டின முட்டாள் என்கிறோமே, அந்த ஆள்தான்.

கேள்வி: ‘வ்ஸ்மாகாச்ச்’ என்றும் ஒன்று உண்டாமே?

பதில்: உண்டு. காற்றுக்கும் மழைக்கும் அதுதான் இயல்பு. தாத்ரா மலைக்கு அடியில் ஸகோபானே என்று ஓர் ஊர். அங்கே தெற்கிலிருந்து மலையைத் தாண்டி ‘ஹால்னி’ என்கிற வெப்பக் காற்று இறங்கும். காற்று ‘வ்ஸ்மாகா ஷியெ’, வலுக்கிறது. அந்தக் காற்று அடிக்கிற நாளில் ஊரில் எல்லோருக்கும் தலை கனக்கும், சிடுசிடுப்பு ஏறும் என்பார்கள். காற்று வலுப்பதற்கு வ்ஸ்மாகாச்ச், அது மனிதர்களின் படபடப்பைக் கூட்டுவதற்கு பொத்தெங்கோவாச்ச். இரண்டையும் இன்டென்சிஃபை என்று அடித்து நகர்ந்தால் ஆங்கிலம் தட்டையாகிவிடும். காற்றுக்கு ‘பிக்ஸ் அப்’ போதும்.

கேள்வி: அந்த ‘ஷியெ’ என்ன?

பதில்: நமக்குக் கூடு, கூட்டு; பெருகு, பெருக்கு என்று சோடி சோடியாக இருக்கிறதல்லவா? போலிஷில் அந்த வேலையை ‘ஷியெ’ பார்க்கிறது. அது இருந்தால் தானாகக் கூடுகிறது, இல்லையென்றால் ஒன்றை ஒன்று கூட்டுகிறது. ஆங்கிலத்தில் இன்டென்சிஃபை இரண்டுக்கும் வளையும். எக்ஸாசர்பேட், அக்ரவேட் இரண்டும் வளையாது. வலி தானாக எக்ஸாசர்பேட் ஆனது என்று எழுத முடியாது. முன்னால் ‘ஸ்’ சேர்த்து ‘ஸ்பொத்தெங்கோவாச்ச்’ என்றால் காரியம் முடிந்துவிட்டது என்று கணக்கு. கூட்டிக்கொண்டிருந்தது, கூட்டிவிட்டது என்ற நம் வித்தியாசத்தை வைத்துப் புரிந்துகொண்டால் போதும்.

கேள்வி: சட்டத்தில் தண்டனையைக் கூட்டுவதற்கும் இதுவா?

பதில்: இல்லை. அதற்கு ‘ஸாஒஸ்ட்ஷாச்ச்’, கூர்மையாக்குவது. பசியைக் கிளப்பவும் அதே சொல்தான், கத்தி தீட்டுவதற்கும் பசியைக் கிளப்புவதற்கும் வரும் ஆங்கில ‘வெட்’ (whet) மாதிரி.

கேள்வி: தம்பதிச் சண்டையில் மாமியார் பேசுவதற்கு எந்தச் சொல் அக்கா?

பதில்: அதற்கு வினைச்சொல் பத்தாது, பழமொழிதான் வேண்டும். ‘தொலேவாச்ச் ஒலிவி தொ ஒக்னியா’, நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. நாமும் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான் ஊற்றுகிறோம். ஆனால் இவர்கள் ஊற்றுவது ஒலிவா, ஆலிவ் எண்ணெய். கடையில் சூரியகாந்தி எண்ணெய்க்கு ‘ஒலெய்’ என்று வேறு பெயர். பழமொழியில் ‘ஒலெய்’ என்று மாற்றிச் சொன்னால் பேச்சு சட்டென்று நின்று, எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். என்னையும் பார்த்தார்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. இதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல் சொல்லுங்களேன்.

பதில்: ‘கூட்டு’. பத்தில் ஏழு இடத்துக்கு அது தாங்கும். ‘தீவிரப்படுத்து’ என்று செய்தித்தாள் பாணியில் எழுதாதீர்கள். உப்பு ருசியைத் தீவிரப்படுத்தியது என்று யாராவது சொல்வார்களா? மீதி மூன்று இடத்தில் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு. நேற்று ஒரு கதையில், மகன் இறந்த வீட்டுக்கு வந்த கடிதம் தாயின் வேதனையை ‘ஸ்பொத்தெங்கோவாச்ச்’ செய்தது என்று இருந்தது. ஆங்கிலத்தில் ‘டீப்பன்’ போட்டேன். தமிழில் எழுதியிருந்தால் வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது என்று எழுதியிருப்பேன்.